மேடை விளக்கின் இரகசியம்

(நாடகத் தோழர்களுக்கான டிஜிட்டல் கருவிப் பயிற்சி வகுப்பைத் துவக்கிவைத்துச் செய்த சொற்பொழிவு)



நாடகம் போடுகிறவர்களுக்கு டிஜிட்டல் கருவிகளைப் பழக்கிக் கொடுப்பதற்காக ஏற்பட்டிருக்கும் இந்த மூன்று நாள் வகுப்பை நாம் துவக்கி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். தலைவர் அவர்கள் தமது முன்னுரையில் நம்மைப் பற்றி ஏதேதோ பெரிதாகச் சொல்லிவிட்டார். அவற்றையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. நாம் இந்த வித்தையை எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. நமது பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு நின்றது. நாற்பது வயதாகப் போகிற சமயத்தில், தேவை கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால், தட்டித் தடவிப் பல முறை கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். ஆகவே யாரோ ஒரு நிபுணர் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டு நீங்கள் கேட்க வேண்டாம். நாம் சொல்லுவதில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தேவை என்றோமே, அது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய நகரத்தில் நமது குழுவின் நாடகத்துக்கு இடம் கொடுத்தார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத் திண்ணையிலும், களத்து மேட்டிலும், டியூப் லைட் வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்த நமக்கு அது பெரிய மேடை. விளக்குக்கு அங்கேயே ஒரு கான்டிராக்டரை ஏற்பாடு செய்தோம். நாடகம் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் விளக்கு வாடகை, அதை இயக்கும் ஆளின் கூலி, அவர் சாப்பாடு, வண்டிச் சத்தம் எல்லாம் கொடுத்துத் தீர்ந்த பிறகு, நடித்த பன்னிரண்டு பேருக்கும் ஊர் திரும்பப் பஸ் செலவுக்குக்கூடப் பணமில்லை. இரவல் வாங்கித்தான் ஊர் வந்து சேர்ந்தோம்.

அதுகூடப் பெரிதல்ல. ஒத்திகையின்போது அந்த ஆளிடம் போய், "ஐயா, இந்தப் பலகையில் என்ன நடக்கிறது, சற்றுச் சொல்லுங்களேன்" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "இதெல்லாம் உங்களுக்கு வராதுங்க, இது பெரிய கம்ப்யூட்டர் சமாச்சாரம்" என்றார். அப்படிச் சொன்னதோடு விட்டாரா என்றால், இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, நாம் பார்த்துவிடாதபடி திரையின் மேல் போட்டுக்கொண்டார். அந்தப் பலகையின் ஒரு மூலையில் குங்குமம். இன்னொரு மூலையில் ஓர் எலுமிச்சம்பழம். பழத்துக்கு அந்த யந்திரத்தில் என்ன உத்தியோகம் என்று கேட்டோம். அதற்கும் பதிலில்லை.

அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு அது வயிற்றுப் பிழைப்பு. எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டால் நமக்கு வேலை போய்விடுமே என்கிற பயம் ஏழைத் தொழிலாளிக்கு இருப்பது சகஜம். ஆனால், ஒருவன் கண்ணுக்கு முன்னால் நடக்கிற காரியத்தைத் துண்டு போட்டு மூடிவிட்டு, "உனக்கு வராது" என்று சொல்லுகிற வழக்கத்தை நாம் இந்த நாட்டில் இன்றுதானா பார்க்கிறோம்? அந்தத் துண்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிற ரோஷம் அன்றுதான் நமக்கு வந்தது. இந்த வகுப்புக்கு விதை அந்தத் துண்டுதான்.

இதற்கு நேர் மாறாக ஒரு மனிதர் செய்ததையும் சொல்ல வேண்டும். மின்சாரம் வருவதற்கு முன்பு மேல்நாட்டு நாடகக் கொட்டகைகளில் காஸ் விளக்குதான். 1881-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி வியன்னா நகரத்து ரிங் தியேட்டரில் காஸ் விளக்கிலிருந்து நெருப்புப் பிடித்து, 300-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டு போனார்கள். அதே மாதம் 28-ந் தேதி லண்டனில் சவாய் தியேட்டர் மேடையில் முதல் தடவையாக மின்சார விளக்குப் போட்டார்கள். ஜோசப் ஸ்வான் என்பவர் செய்த குமிழ் விளக்குகள், கொட்டகை முழுவதும் சேர்த்து சுமார் 1,200. ஜனங்களுக்கு மின்சாரமென்றால் பயம். கொட்டகை முதலாளியான டாய்லி கார்ட் என்ன செய்தார் தெரியுமா? எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். அதன் மேல் மெல்லிய மஸ்லின் துணியைச் சுற்றி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் உடைத்தார். விளக்கு அணைந்தது. துணியை விரித்துக் காட்டினார், அது கருகவில்லை. பயப்படாதீர்கள் என்று உபதேசம் செய்வதைவிட, விளக்கை உடைத்துத் துணியைக் காட்டுவது எவ்வளவு யோக்கியமான காரியம்! அவர் தமது வியாபாரத்துக்காகத்தான் அதைச் செய்தார், சந்தேகமில்லை. இருந்தாலும் துணியை மூடுவதற்கு உபயோகித்தவரும் உண்டு, விரித்துக் காட்டுவதற்கு உபயோகித்தவரும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு சங்கதி. 1862-ல் லண்டன் ராயல் பாலிடெக்னிக் என்ற ஸ்தாபனத்தில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் பிசாசை வரவழைத்தார். உயிருள்ள நடிகர் கத்தியால் வெட்டுகிறார். கத்தி பிசாசின் உடம்புக்குள் புகுந்து வெளியே வருகிறது. பிசாசு அசையாமல் நிற்கிறது. அதைப் பார்த்தவர்கள் நடுங்கினார்கள். காரியம் இவ்வளவுதான்: மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றைச் சாய்த்து நிறுத்தியிருந்தது. மேடைக்குக் கீழே பள்ளத்தில், ஜனங்கள் கண்ணில் படாதபடி, வெள்ளை உடுத்திய ஓர் ஆள். அவர் மேல் பலத்த வெளிச்சத்தை அடித்தால் அவருடைய பிம்பம் கண்ணாடியில் தெரியும். வெளிச்சத்தை அணைத்தால் பிசாசு போய்விடும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் ஹென்றி டிர்க்ஸ் என்ற இஞ்சினியர். மேடைக்குத் தகுந்தபடி சீர்செய்தவர் பெப்பர். பெயர் என்னவோ பெப்பருக்குத்தான் நிலைத்தது. இரவில் பஸ்ஸில் போகிறபோது ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே உங்கள் முகமே மரத்தோடு மரமாக ஓடிவருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிசாசும் இதுவும் ஒன்றுதான்.

அது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் டூபாக் என்ற பாட்டுக்காரர் 1996-ல் சுடப்பட்டு இறந்தார். 2012-ல் கலிபோர்னியாவில் ஒரு சங்கீத விழாவில் அவர் மேடைக்கு வந்து பாடினார்! அதே 2012-ல் குஜராத் தேர்தலின்போது நரேந்திர மோடி அவர்கள் ஓரிடத்தில் நின்று பேச, ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் அவருடைய உருவம் நின்று பேசிற்று. கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பள்ளத்து ஆளுக்குப் பதில் புரொஜக்டர் படம். தத்துவம் பெப்பருடையதேதான். இன்றைய டிஜிட்டல் வித்தைகளில் பாதிக்கு மேல் இப்படி நூறு, நூற்றைம்பது வருஷத்துப் பழைய சரக்கின் மேல் புதிய கருவியை ஏற்றியவைதான். ஆகவே புதிய கருவியைக் கண்டு மிரண்டு நிற்பதற்கு ஒன்றுமில்லை.

சரி, அந்தத் துண்டுக்குக் கீழே என்ன இருந்தது? அதைச் சொல்லுகிறோம்.

முன்பெல்லாம் ஒரு கம்பெனிக்காரன் செய்த விளக்குப் பலகை இன்னொரு கம்பெனிக்காரன் செய்த டிம்மரோடு பேசாது. பலகையை ஓரிடத்தில் வாங்கினால் மற்றதையும் அங்கேயே வாங்கியாக வேண்டும். 1986-ல் அமெரிக்க நாட்டு நாடகத் தொழில்நுட்ப நிறுவனத்தார் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாஷையை ஏற்படுத்தினார்கள். அதற்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். அன்று முதல் யார் செய்த பலகையும் யார் செய்த விளக்கோடும் பேசலாம் என்றாயிற்று. இது ஜாதி விட்டு ஜாதி சாப்பிடுவது போன்ற பெரிய சீர்திருத்தம் என்று நாம் சொல்லுவதுண்டு, கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பாஷை எப்படிப்பட்டது? ரேஷன் கடையில் நம்பர் கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். அதே மாதிரிதான். பலகையிலிருந்து போகிற ஒரே கம்பியில் 1 முதல் 512 வரை வரிசையாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் ஓர் அளவு சொல்லப்படுகிறது. 0 என்றால் இருட்டு; 255 என்றால் முழு வெளிச்சம்; நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும். கூப்பிட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து; ஒரு வினாடிக்குள் நாற்பது தடவைக்கு மேல்கூட இந்தக் கூப்பாடு நடக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கதவு நம்பர் உண்டு. தன் நம்பர் வருகிறபோது அது காது கொடுக்கும். மற்ற நேரம் சும்மா இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறம் காட்டும் எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு மூன்று நம்பர் வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விளக்கின் கதவு நம்பர் 1 என்றால், அது 1, 2, 3-ஐ எடுத்துக்கொள்ளும். அடுத்த விளக்குக்கு 4 என்று வைக்க வேண்டும். இரண்டுக்கும் 1 என்றே வைத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி எரியும். சில சமயம் நமக்கு வேண்டியதும் அதுதான்.

தோழர்களே, அந்தத் துண்டுக்குக் கீழே இருந்தது இவ்வளவுதான். பால் கணக்கு எழுதுகிறவருக்கு இது வராதா? சீட்டுப் பிடிக்கிற அம்மாவுக்கு வராதா?

விளக்குப் பலகையே இல்லாமல் பழைய லாப்டாப்பில் இதைச் செய்யலாம். க்யூ.எல்.சி. பிளஸ் என்றொரு சாப்ட்வேர் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை. லாப்டாப்புக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டுகிற சிறு பெட்டி சைக்கிள் விலைக்குள் அடங்கும். சத்தங்களை வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி, அதுவும் இனாம். பெரிய கொட்டகைகளில் க்யூலேப் என்பதை உபயோகிக்கிறார்கள். அது ஆப்பிள் கம்பெனியின் மாக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ஆகையால் நமக்கு இப்போதைக்குத் தூரம்.

பிளெண்டர் என்ற சாப்ட்வேரைப் பற்றி மட்டும் சற்று விவரமாகச் சொல்ல ஆசை. கம்ப்யூட்டருக்குள்ளேயே மேடை கட்டி, தட்டி நிறுத்தி, விளக்கு வைத்து, கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். இதை நெதர்லாண்டில் ஒரு கம்பெனி வைத்திருந்தது. 2002-ல் கம்பெனி மூடப்பட்டது. சரக்கு முதல் போட்டவர்கள் வசம் இருந்தது. அதை உண்டாக்கியவரான டான் ரூசண்டால், ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் அதை விடுவித்து உலகத்துக்குப் பொதுவாக்கிவிடலாம் என்று ஜனங்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. அன்று முதல் அது எல்லாருக்கும் இனாம். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் யாரும் படித்துப் பார்க்கலாம். கோவில் கட்ட வசூல் செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு கருவியைப் பூட்டிலிருந்து விடுவிக்க வசூல் செய்ததை அப்போதுதான் கேள்விப்பட்டோம். இதை முன்பே கற்றிருந்தால், பன்னிரண்டு அடித் தட்டியைச் செய்து கொண்டுபோய், ஒன்பதடி உயரக் கொட்டகை வாசலில் நிறுத்திக்கொண்டு விழித்த அவமானம் நமக்கு வந்திராது.

இப்போது நமது முட்டாள்தனம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கருவிகளை வாங்கிக்கொண்டு ஒரு கிராமத்தில் முதல் நாடகம் போட்டோம். எட்டு விளக்கு. இரண்டாவது காட்சியிலேயே விளக்குகள் பேய் பிடித்தாற்போல் மினுக்கத் தொடங்கின. சிவப்பு கேட்டால் நீலம் வருகிறது. அணை என்றால் எரிகிறது. கூட்டத்தில் ஒருவர் திருஷ்டி என்றார். இன்னொருவர் மேடையைத் தெற்குப் பார்த்துப் போட்டதுதான் குற்றம் என்றார். அவர்கள் போகட்டும், ஊர் ஊராகப் பகுத்தறிவு பேசுகிற நாம் என்ன செய்தோம்? பிளக்கைப் பிடுங்கி வாயால் ஊதினோம். லாப்டாப்பை மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டோம். மேசையைத் தட்டினோம். காரணம் தெரியாமல் கையைக் காலை ஆட்டுவது எல்லாம் மந்திரம்தானே! பூசாரி உடுக்கை அடித்தார். நாம் மேசையை அடித்தோம். வித்தியாசம் இவ்வளவுதான்.

அப்போது நமது குழுவில் சிறு வேஷம் போடுகிற ஒரு பெண், தையற்காரர் மகள், "அண்ணா, சும்மா இருங்க. நான் ஒவ்வொண்ணாக் கழட்டிப் பார்க்கிறேன்" என்றது. கடைசி விளக்கைக் கழற்றியது, மினுக்கல் நிற்கவில்லை. அடுத்ததைக் கழற்றியது. இப்படியே நான்கைக் கழற்றியதும் மினுக்கல் நின்றுவிட்டது. மீதி நாடகத்தை நான்கு விளக்கோடு முடித்தோம்.

மறுநாள் உட்கார்ந்து விசாரித்ததில் இரண்டு காரணம் தெரிந்தது. ஒன்று, காசை மிச்சப்படுத்துவதற்காக மைக் கம்பியை உபயோகித்திருந்தோம். மூன்று முள் பிளக் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால் மாட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே கம்பியின் குணம் வேறு. மற்றொன்று, கடைசி விளக்கோடு கம்பியைச் சும்மா விட்டுவிட்டோம். கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி வருகிறதல்லவா? அதுபோல் போன செய்தி கம்பியின் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வருகிற செய்தியைக் குழப்புகிறது. முனையில் 120 ஓம் அளவுள்ள ரெஸிஸ்டர் ஒன்றை, இரண்டாம் முள்ளுக்கும் மூன்றாம் முள்ளுக்கும் நடுவில் வைத்தால், எதிரொலி அங்கேயே அடங்கிவிடும். ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு டீ விலைகூட ஆகவில்லை. திருஷ்டி போயிற்று; தெற்கு திசையும் நல்ல திசையாயிற்று!

அந்தப் பெண்ணுக்குப் பிறகு விளக்கு வேலை முழுவதையும் ஒப்படைத்தோம். சும்மா விட்டார்களா? பெண்பிள்ளை ஏணியில் ஏறலாமா என்றார்கள். பெண் கை வைத்தால் பியூஸ் போகும் என்று படித்த ஒரு கனவானே சொன்னார். 1975-ல் நியூயார்க் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' என்ற நாடகத்துக்கு விளக்கு அமைத்தவர் தாரன் மஸ்ஸர் என்ற அம்மையார். பிராட்வே மேடைக்கு ஞாபகசக்தியுள்ள கம்ப்யூட்டர் விளக்குப் பலகையை முதன்முதல் கொண்டுவந்தவரே அவர்தான். அவர் கை வைத்து பியூஸ் போகவில்லை. இந்தச் சேதியை அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ராத்திரி பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்று முதல் நமது குழுவில் இரண்டு பேராகப் போய் விட்டுவருவது என்று ஏற்பாடு.

கருவி வந்தால் நாடகம் வந்துவிடாது என்பதையும் சொல்லிவைக்கிறோம். பின்திரையில் மலை, கடல், தீ எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, நடிகரைக் கருநிழலாக்கிக் கெடுத்த நாடகங்களை நாம் பார்த்திருக்கிறோம். நாமே இரண்டு கெடுத்திருக்கிறோம். முன்விளக்குத் திரையில் விழுந்தால் படம் வெளுத்துப்போகும். படத்துக்காக முன்விளக்கைக் குறைத்தால் நடிகர் முகம் போகும். முகமா, படமா என்று வந்தால் முகம்தான். 2016-ல் இங்கிலாந்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியார் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில், ஏரியல் என்ற ஆவியைக் கம்ப்யூட்டர் உருவமாக மேடையில் பறக்கவிட்டார்கள். இன்டெல் போன்ற பெரிய கம்பெனி கூடச் சேர்ந்த காரியம். ஆனால் அதிலும் மார்க் குவார்ட்லி என்ற நடிகர், அசைவை அளக்கும் கருவிகள் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையிலேயே நின்று நடித்தார். அவர் கையைத் தூக்கினால்தான் அந்த உருவம் கையைத் தூக்கும். அத்தனை பணம் போட்டவர்களுக்கும் ஒரு மனிதர் அங்கே நின்று நடிக்க வேண்டியிருந்தது.

தவிரவும் நம் ஊர்களில் கரண்ட் போகும். ஆகவே எந்த நாடகத்தையும் இரண்டு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் ஆடிப் பழகிக்கொண்டுதான் லாப்டாப்பைத் திறக்க வேண்டும் என்பது நமது குழுவின் சட்டம்.

பாஷைத் தொல்லை ஒன்று உண்டு. இந்தச் சாப்ட்வேர்களின் விளக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. நமது இங்கிலீஷ் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் நமக்குப் புரிந்த தமிழை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். கதவு நம்பர் என்று நாம் சொன்னதெல்லாம் அந்த நோட்டில் உள்ளதுதான். அதைப் பிரதியெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தப்பிருந்தால் அடித்துத் திருத்துங்கள். திருத்தியதை நமக்கும் தெரிவியுங்கள்.

நாளைக் காலை 9 மணிக்கு வகுப்பு. நடத்தப் போகிறவர் அந்தத் தையற்காரர் மகள். நமக்கு விளக்குத் தூக்கிக் கொடுக்கிற வேலைதான். பென்சிலும், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவாருங்கள். ஏணி இரண்டே இருப்பதால், பத்துப் பத்துப் பேராகத்தான் ஏறிப் பார்க்க முடியும், பெண்கள் முதலில்.